போலந்து அரசரின் வம்சத்தில் ஒரு நிருபர்

வரலாறு எடுத்துப் படித்த நம் நண்பர்களுக்குப் 'போலந்துப் பிரிவினை' என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 1772, 1793, 1795 என்று மூன்று பிரிவினைகள். ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்று மூன்று வல்லரசுகள். எந்த ஆண்டில் யாருக்கு எந்தப் பங்கு கிடைத்தது என்பதில் தலைசுற்றாத மாணவன் கிடையாது. 1793 பங்கீட்டில் ஆஸ்திரியா இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் பாஸ் மார்க் நிச்சயம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தப் பாடத்தின் கடைசிப் பத்தியில் ஓர் அரசர் வருவார். ஸ்டானிஸ்லாஸ் அகஸ்டஸ் பொனியதோவ்ஸ்கி. ருஷ்யப் பேரரசி இரண்டாம் காதரினுக்கு ஒரு காலத்தில் காதலராக இருந்தவர். அவள் தயவில் 1764இல் போலந்து அரசரானவர். பாடநூல்கள் இவரைக் கையாலாகாதவர் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும். அது முழு நியாயம் இல்லை என்பது என் எண்ணம். 1791 மே 3ஆம் தேதி ஐரோப்பாவிலேயே முதன்முதலாக எழுதப்பட்ட அரசியல் சட்டம் ஒன்று போலந்தில் நிறைவேறியது இவர் காலத்தில்தான். அதில் அவருக்குப் பங்கும் உண்டு. அந்தச் சட்டத்தைக் கண்டு மிரண்டுதான் அண்டை நாடுகள் மிச்சமிருந்த போலந்தையும் விழுங்கின. 1795இல் முடி துறந்த ஸ்டானிஸ்லாஸ், 1798இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில், யார் தன் நாட்டை விழுங்கினார்களோ அவர்கள் ஊரிலேயே, செத்துப்போனார். அவருடைய தம்பி மகன் யோசெப் பொனியதோவ்ஸ்கி நெப்போலியனிடம் சேர்ந்து மார்ஷல் பட்டம் பெற்று, 1813 லைப்சிக் போரில் எல்ஸ்டர் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

நம் பாடத்திட்டம் அதோடு முடிந்துவிடும். நாடு போன குடும்பம் பிறகு எங்கே போயிற்று என்று பரீட்சையில் யாரும் கேட்கப்போவதில்லை. மலர்க்குழு நண்பர்கள் "சார், வரலாற்றிலே ஏதாவது எழுதிக் குடுங்க, ஆனா பாடம் மாதிரி இருக்கக்கூடாது" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பாடம் முடிகிற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பொனியதோவ்ஸ்கி குடும்பத்தின் ஒரு கிளை இத்தாலிக்குப் போயிற்று. அங்கிருந்து மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஃபிரான்சுக்கு வந்தது. நாடு கிடையாது, அரண்மனை கிடையாது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கிளையில் வந்த இளவரசர் ழான் பொனியதோவ்ஸ்கிக்கு 1932 மே 19ஆம் தேதி பாரிசில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எலேன் என்று ஃபிரெஞ்சில் அழைத்தார்கள். பின்னாளில் அவரே எலேனா பொனியதோவ்ஸ்கா ஆனார். மெக்சிகோ நாட்டில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. அங்கே அவர் இளவரசி என்பதற்காக அறியப்பட்டவர் அல்லர். அங்கே அவர் ஒரு பத்திரிகைக்காரி.

போலந்துக் குடும்பம் எப்படி மெக்சிகோவுக்குப் போயிற்று என்று கேட்பீர்கள். தாய்வழிக் கதை அது. தாயார் பவுலா அமோர், ஃபிரான்சில் வளர்ந்தவரானாலும் மெக்சிகோவின் பெரிய நிலப்பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அமோர் குடும்பத்துக்கு மோரெலோஸ் மாநிலத்தில் பெரிய பண்ணைகள் இருந்தன. மோரெலோஸ் யார் ஊர்? 'உழுதவனுக்கே நிலம்' என்று துப்பாக்கி தூக்கிய எமிலியானோ சப்பாட்டாவின் ஊர். 1910இல் வெடித்த மெக்சிகோப் புரட்சியில் அமோர் குடும்பத்து நிலமெல்லாம் கைவிட்டுப்போயிற்று. குடும்பம் ஃபிரான்சுக்குப் பெயர்ந்தது. ஆக, அப்பா பக்கம் ஒரு ராஜ்யம் போய், அம்மா பக்கம் ஒரு ஜமீன் போய், இழந்தவர்கள் இருவர் பாரிசில் சந்தித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட குடும்பம் அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. தகப்பனார் ஃபிரெஞ்சுப் படையில் போரிடப் போனார். தாயாரும் சிலகாலம் ஆம்புலன்ஸ் ஓட்டினார். 1942இல், எலேனாவுக்குப் பத்து வயது, தாயார் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஸ்பெயின் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோ வந்து சேர்ந்தார். தன் அம்மா மெக்சிகோக்காரி என்பதே அதுவரை தனக்குத் தெரியாது என்று எலேனா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்பாவைப் பெற்ற அமெரிக்கப் பாட்டி, புறப்படும் முன்பு ஒரு பத்திரிகையிலிருந்த ஏதோ பழங்குடிப் படங்களைக் காட்டி, "மெக்சிகோவில் இப்படித்தான் இருப்பார்கள்" என்று பேத்திகளைப் பயமுறுத்தினாராம். பாட்டிகள் எல்லா நாட்டிலும் பாட்டிகள்தான்.

இனி வருவதைக் கல்வித்துறை நண்பர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் ஃபிரெஞ்சு. சேர்த்துவிட்ட பள்ளியோ ஆங்கிலப் பள்ளி. மெக்சிகோ நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பவுன், ஷில்லிங் கணக்கும் ஆங்கிலேய அரசருக்கு வாழ்த்துப் பாட்டும் கற்றுக்கொடுத்தார்கள். (கான்வெண்ட் வாசம் தெரிந்த நமக்கு இது புதிதில்லை.) பிறகு அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா பக்கம் ஒரு கன்னிமார் மடத்துப் பள்ளி. ஊர் மொழியான ஸ்பானிஷை யாரும் முறையாகக் கற்றுத்தரவில்லை. அது தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். வந்தது, வாத்தியார் வழியாக அல்ல. வீட்டில் வளர்த்த ஆயா, சமையல்காரம்மா, துணி துவைக்க வருகிறவள், இவர்கள் வாயிலிருந்து வந்தது. அதனால் எலேனாவுக்கு வாய்த்த ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகத்து ஸ்பானிஷ் அல்ல, அடுப்பங்கரை ஸ்பானிஷ். பெரிய மனிதர் வீட்டுப் பெண் இப்படிப் பேசுகிறாளே என்று சிரித்தவர்கள் உண்டு. பிறகு அவர் எழுதியதற்கெல்லாம் அந்த மொழிதான் முதல் போட்ட மூலதனம்.

1953இல் 'எக்செல்சியோர்' நாளிதழில் சேர்ந்தார். வயது இருபத்தொன்று. கல்லூரிப் பட்டம் இல்லை. பத்திரிகைத் தொழில் பற்றி அரிச்சுவடியும் தெரியாது. பெண் நிருபர் என்றால் அக்காலத்தில் கொடுக்கிற இடம் ஒன்றே ஒன்று, சமூகப் பக்கம். யார் வீட்டுக் கல்யாணம், எந்தத் தூதரகத்தில் விருந்து, யார் என்ன உடை உடுத்தி வந்தார்கள். முதல் பேட்டி அமெரிக்கத் தூதரிடம் எடுத்தார். அதுவும் தாயாருடன் போன விருந்தில் கிடைத்த அறிமுகம். அதன்பிறகு ஒரு வருஷம், ஏறக்குறைய தினம் ஒரு பேட்டி. அடுத்து 1955இல் 'நொவெதாதெஸ்' நாளிதழ்.

அவர் பேட்டி எடுத்த விதமே தனி. தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள மாட்டார். மலைபோல் உருவம் கொண்ட ஓவியர் தியேகோ ரிவேராவிடம் போய், "உங்க பல்லெல்லாம் பால் பல்லா, இத்தனை சின்னதா இருக்கே?" என்று கேட்டாராம். ஆமாம், இதை வச்சுத்தான் கேள்வி கேட்கிற போலந்துக் குட்டிப் பெண்களைத் தின்கிறேன் என்றாராம் அவர். படித்த நிருபர் எவரும் கேட்டிருக்க முடியாத கேள்வி. அதற்கு வந்த பதிலில் முழு ரிவேராவும் இருக்கிறார். மேதாவித்தனமாகக் கேட்டால் மேதாவித்தனமான பதில்தான் வரும். குழந்தைத்தனமாகக் கேட்டால் மனுஷன் வெளியே வருவான். நாற்பது வருஷம் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

1959இல் மெக்சிகோவின் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அரசாங்கம் நசுக்கித் தலைவர் தெமெத்ரியோ வயெஹோவைச் சிறையில் தள்ளியது. லெகும்பெர்ரி என்று ஒரு பழைய சிறைச்சாலை. அரசியல் கைதிகளெல்லாம் அங்கேதான். எலேனா அங்கே போகத் தொடங்கினார். விருந்துச் செய்தி எழுதின கை சிறைச் செய்தி எழுதத் தொடங்கிற்று. வயெஹோவின் வாழ்க்கையை அடிப்படையாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அது வெளிவந்தது 2005இல். பத்திரிகைக்காரர்கள் அவசரக்காரர்கள் என்று யார் சொன்னது?

இந்தச் சிறை வட்டாரத்துக்குப் பக்கத்திலே ஓர் ஏழைக் குடியிருப்பில் யோசெஃபினா போர்க்கெஸ் என்று ஒரு வயதான அம்மாள் இருந்தாள். சலவைத் தொழிலாளி. ஒருநாள் ஒரு கட்டடத்துச் சலவை இடத்தில் அவள் உரக்கப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு எலேனா நின்றுவிட்டார். யார் இது, இப்படிப் பேசுகிறாளே! தேடிக்கொண்டு போனால் அம்மாள் மசியவில்லை. "எனக்கு நேரமில்லை, வேலை கெடக்குது" என்கிற ரகம். கடைசியில் புதன்கிழமை சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 மணி வரை என்று நேரம் ஒதுக்கிக் கொடுத்தாள். அதுவும் சும்மா இல்லை. கோழிகளைக் காலில் கயிறு கட்டி வெயிலில் மேய்த்துக் கொண்டுவர வேண்டும். அழுக்குத் துணியைத் துவைக்க வேண்டும். இளவரசியம்மா கோழி மேய்த்தார். டேப் ரிகார்டர் கொண்டுபோனால், கரண்ட் யார் காசு என்று சண்டை. ஆகவே கேட்டதை மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதினார்.

யோசெஃபினா யார்? ஓஹாகா மாநிலத்தில் பிறந்து, சிறு பெண்ணாகவே மெக்சிகோப் புரட்சிப் படைகளோடு சேர்ந்து போனவள். கணவன் படைவீரன், அவனோடு ரயிலில் ஏறி, களத்தில் சமைத்து, துப்பாக்கியும் பிடித்தவள். புரட்சி வென்றது. அவளுக்கு என்ன கிடைத்தது? ஓய்வூதியம்கூட இல்லை. தலைநகரத்தில் வீட்டு வேலை, தொழிற்சாலை வேலை, கடைசியில் சலவை. எந்தப் புரட்சி எலேனாவின் தாய்க் குடும்பத்தை நிலத்திலிருந்து துரத்திற்றோ, அதே புரட்சியில் துப்பாக்கி பிடித்தவள் இவள். நிலம் பறிபோன குடும்பத்துப் பேத்தியும், நிலத்துக்காக நடந்த சண்டையில் இருந்தும் ஒரு சாண் நிலம் கிடைக்காத கிழவியும் வாராவாரம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் படித்த வரையில் மெக்சிகோப் புரட்சி பற்றிய எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இப்படி ஒரு காட்சி இல்லை.

1969இல் அது நாவலாக வந்தது. நாயகிக்கு ஹெசுசா என்று பெயர் மாற்றியிருந்தார். அம்மாளிடம் புத்தகத்தைக் கொடுத்தால் அவளுக்குத் திருப்தியில்லை. "நான் இப்படியா சொன்னேன்? எல்லாம் பொய்" என்று திட்டினாள். ஆனால் அட்டையில் அவள் கும்பிடுகிற குழந்தை ஏசுவின் படம் இருந்ததைப் பார்த்ததும், பட்டறைப் பையன்களுக்குக் கொடுக்க இருபது பிரதி கேட்டாளாம்! அவள் திட்டியதையும் எலேனா மறைக்காமல் எழுதி வைத்தார். யோசெஃபினா 1987இல் காலமானாள். அதுவரை எலேனா அவளைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி 1968க்கு வருகிறேன். மாணவர் கிளர்ச்சிகளின் ஆண்டு. பாரிஸ், பிராக் என்று உலகமெங்கும் கொந்தளிப்பு. மெக்சிகோவிலும் ஜூலை மாதக் கடைசியில் மாணவர் கலகம் தொடங்கிற்று. அரசியல் கைதிகளை விடுதலை செய், கலவரத் தடுப்புப் போலீசைக் கலை, அரசாங்கம் வெளிப்படையாக எங்களோடு பேசட்டும், இவையே கோரிக்கைகள். ஜனாதிபதி தியாஸ் ஓர்தாஸுக்கோ வேறு கவலை. அக்டோபர் 12ஆம் தேதி மெக்சிகோ நகரத்தில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்க வேண்டும். உலகமே பார்க்க வரப்போகிறது.

அக்டோபர் 2, புதன்கிழமை மாலை. த்லதெலோல்கோ என்ற பகுதியில் மூன்று கலாச்சாரச் சதுக்கம் என்று ஒரு பெரிய திடல். ஒரு பக்கம் ஸ்பானியர் வருவதற்கு முந்தைய கோயில் இடிபாடுகள், ஒரு பக்கம் ஸ்பானியர் கட்டிய தேவாலயம், சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் கூடியிருந்தார்கள். பொதுமக்களும், குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பங்களும் இருந்தன. ஆறு மணிக்குப் பிறகு வானத்தில் ஒளிக்குண்டு எரிந்தது. இடது கையில் வெள்ளைக் கையுறை மாட்டிய, சாதாரண உடையிலிருந்த ஒலிம்பியா படைப்பிரிவினர் கட்டடத்துக்குள் நுழைந்தனர். வெளியே இராணுவம். துப்பாக்கிச் சூடு மணிக்கணக்கில் நீடித்தது. இத்தாலியப் பத்திரிகையாளர் ஒரியானா ஃபலாச்சி குண்டடிபட்டார். எத்தனை பேர் செத்தார்கள்? அரசாங்கம் இருபது முப்பது என்றது. கண்ணால் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள். வெகுகாலம் கழித்து ஆவணங்களைத் துருவிய ஆய்வாளர்கள் 44 சாவுகளுக்கு ஆதாரம் திரட்டினார்கள். இன்றுவரை கணக்கு முடியவில்லை.

அன்றிரவு எலேனா வீட்டில்தான் இருந்தார். கைக்குழந்தை, ஜூன் மாதம் பிறந்த ஆண்பிள்ளை. இரண்டு தோழிகள் மூச்சிரைக்க வந்து நடந்ததைச் சொன்னார்கள். முதலில் நம்பவில்லை. மறுநாள் காலையில் குழந்தைக்குப் பாலூட்டிவிட்டுச் சதுக்கத்துக்குப் போனார். தண்ணீரில்லை, கரண்ட் இல்லை. சுவரெல்லாம் குண்டு துளைத்த ஓட்டை. தரையெங்கும் கழன்று விழுந்த செருப்புகளும் பூட்ஸுகளும். திரும்பி வந்து எழுதினார். அவருடைய பத்திரிகை போடவில்லை. அவருடையது மட்டுமில்லை, நாட்டின் பெரிய பத்திரிகைகள் பெரும்பாலும் அரசாங்கத் தரப்பைத்தான் அச்சிட்டன. பத்து நாள் கழித்துக் குறித்த தேதியில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிற்று.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 ஜூனில், தலையங்க இடத்தை வெற்றாக விட்டு வந்த பத்திரிகைகளைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. வெற்றிடமாவது ஒரு செய்தி. மெக்சிகோவில் வெற்றிடம்கூட விடவில்லை, விளையாட்டுச் செய்தியால் நிரப்பிவிட்டார்கள்.

எலேனா மெக்சிகோக் குடியுரிமை பெற்றது 1969இல். எனவே அந்த அக்டோபர் மாதத்தில் அவர் சட்டப்படி அந்நியர். வேண்டாத அந்நியரை நாட்டைவிட்டு வெளியேற்ற ஜனாதிபதிக்கு மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்திருந்தது. இரண்டு பக்கத்திலும் ஊர் இழந்த குடும்பத்துப் பெண், கையில் குழந்தை, ஒரே ஓர் உத்தரவில் மூன்றாவது முறையாகக் கப்பல் ஏற வேண்டி வந்திருக்கும். பேசாமல் சமூகப் பக்கத்துக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பேனாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி லெகும்பெர்ரி சிறைக்குப் போனார். அடைபட்டிருந்த மாணவர்களிடம், வெளியே அலைந்துகொண்டிருந்த தாய்மார்களிடம், அடுக்குமாடியில் குடியிருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்த டிசம்பர் மாதம் அவருடைய ஒரே தம்பி யான், வயது இருபத்தொன்று, கார் விபத்தில் இறந்துபோனான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் வீட்டிலும் ஒரு தாய் அழுதுகொண்டிருந்தாள்.

1971இல் 'த்லதெலோல்கோவின் இரவு' வெளிவந்தது. அதன் அமைப்பு விசித்திரமானது. ஆசிரியரின் விளக்கம் மிகக் குறைவு. மாணவன் ஒரு வார்த்தை, தாய் ஒரு வார்த்தை, சிப்பாய் ஒரு வார்த்தை, பத்திரிகைத் தலைப்பு, ஊர்வல கோஷம், புகைப்படம் என்று துண்டு துண்டாக அடுக்கியிருக்கிறார். படிக்கும்போது ஒரு பெரிய கூட்டத்தின் நடுவில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். அச்சிட்டது 'எரா' பதிப்பகம். அதை நடத்தியவர்களும் ஊர் இழந்தவர்கள்தான். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசு தோற்றபின் மெக்சிகோவில் தஞ்சம் புகுந்த குடும்பங்கள். புத்தகம் வந்தால் அச்சகத்தில் குண்டு வைப்போம் என்று மிரட்டல் வந்ததாம். பதிப்பகக் குடும்பத்துப் பெரியவர், "நான் ஸ்பெயின் யுத்தத்தையே பார்த்தவன். குண்டுன்னா என்னன்னு தெரியும். போடுங்க" என்று சொல்லிவிட்டதாக எலேனா பலமுறை கூறியிருக்கிறார். பறிமுதல் செய்யப்போகிறார்கள் என்ற வதந்தி வேறு கிளம்பவே, சனங்கள் முண்டியடித்து வாங்கிவிட்டார்கள்.

இதில் நம் நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. அப்போது புதுடில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்தவர் கவிஞர் ஒக்தாவியோ பாஸ், பிற்பாடு 1990இல் நோபல் பரிசு பெற்றவர். படுகொலைச் செய்தி கேட்டதும் தூதர் பதவியைத் துறந்தார். எலேனாவின் புத்தகம் 1975இல் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதியவரும் அவரே.

புத்தகத்துக்கு மெக்சிகோவின் பெரிய இலக்கியப் பரிசு ஒன்றை அறிவித்தார்கள். அப்போது ஜனாதிபதி எச்செவெர்ரியா. 1968இல் உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவரேதான். எலேனா பரிசை வாங்க மறுத்தார். செத்துப்போனவர்களுக்கு யார் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இந்தப் புத்தகத்தின் மீது வந்த ஒரு புகாரையும் சொல்ல வேண்டும். மாணவர் தலைவர்களில் ஒருவரான லூயிஸ் கொன்சாலெஸ் தெ ஆல்பா, 1968 முதல் 1971 வரை லெகும்பெர்ரியில் இருந்தவர், தாமும் ஒரு நூல் எழுதியவர். 1997இல் அவர் எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்தார்: என் எழுத்திலிருந்து எடுத்த பகுதிகளை வேறு யார் யாரோ சொன்ன மாதிரிப் போட்டிருக்கிறீர்கள், திருத்துங்கள். புகார் நியாயமானது. 1998 பதிப்பில் திருத்தம் செய்யப்பட்டது. இருபத்தேழு வருஷம் கழித்துத் திருத்தியதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என் கருத்து வேறு. வாய்மொழிச் சாட்சியத்தை வைத்து வரலாறு எழுதுகிறவனுக்கு யார் சொன்னது என்பதுதான் கல்வெட்டு. அதில் பிசகு வந்தால் எத்தனை வருஷமானாலும் திருத்தியே ஆகவேண்டும். திருத்தச் சொல்ல ஆள் உயிரோடு இருந்தது, அவர் சொல்லைக் கேட்டு அச்சைக் கலைத்தது, இரண்டும் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பைக் கூட்டத்தான் செய்கின்றன.

இயற்பியல் துறை நண்பர்களுக்காக ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். எலேனாவின் கணவர் கியெர்மோ ஆரோ. வானியலில் புதிதாய்ப் பிறக்கும் நட்சத்திரங்களருகே தெரிகிற ஒளித்திட்டுகளுக்கு ஹெர்பிக்-ஆரோ பொருள்கள் என்று பெயர் உண்டல்லவா, அந்த ஆரோதான். பேட்டி எடுக்கப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். 1968இல் திருமணம். அவர் 1988இல் மறைந்தார்.

1970களின் இறுதியில் மெக்சிகோவின் தேசியப் பத்திரிகையாளர் பரிசு எலேனாவுக்குக் கிடைத்தது. பேட்டிக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1984இல் 'லா ஹோர்னாதா' என்ற நாளிதழ் தொடங்கியபோது நிறுவியவர்களில் ஒருவராக இருந்தார்.

1985 செப்டம்பர் 19, காலை 7 மணி 19 நிமிடம். மெக்சிகோ நகரத்தைப் பூகம்பம் உலுக்கியது. ரிக்டர் அளவில் 8. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். த்லதெலோல்கோவில் நுவெவோ லெயோன் என்ற பெரிய அடுக்குமாடிக் கட்டடம் அப்படியே சரிந்தது. ஆம், அதே த்லதெலோல்கோ. உலகப் புகழ்பெற்ற பாடகர் பிளாசிதோ தொமிங்கோ தன் உறவினர்களைத் தேடி அந்த இடிபாட்டைத் தோண்டினார். நகரத்தின் இன்னொரு பக்கம் தையற்கூடங்கள் இடிந்து தையல் தொழிலாளிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் புதைந்தார்கள். சில இடங்களில் முதலாளிகள் ஆளைத் தேடுவதை விட்டு இயந்திரத்தையும் துணிக்கட்டையும் பெட்டகத்தையும் முதலில் எடுத்தார்களாம். எலேனாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்தார். அந்தக் குரல்களும் 1988இல் புத்தகமாயின. உயிர் தப்பிய தையற்காரிகள் சங்கம் அமைத்துப் போராடிய கதையும் அதில் இருக்கிறது.

அதற்கப்புறம் வந்த நாவல்களையும் விருதுகளையும் விரிக்கப் பக்கம் போதாது. 2013ஆம் ஆண்டுக்கான செர்வான்தெஸ் விருது, ஸ்பானிய மொழியின் மிகப் பெரிய பரிசு, அவருக்குக் கிடைத்தது. மெக்சிகோப் பெண் ஒருவருக்குக் கிடைப்பது அதுவே முதல் தடவை. 2014 ஏப்ரல் 23 அன்று ஸ்பெயின் அரசர் கையால் அதை வாங்க எண்பத்தோரு வயதில் மேடை ஏறினார். ஓஹாகா மாநிலத்து ஹுசித்தான் பெண்கள் தைத்துக் கொடுத்த சிவப்பும் மஞ்சளுமான நாட்டுப்புற உடை அணிந்திருந்தார். யோசெஃபினா பிறந்த மாநிலம் அது. உரையில் தன்னை டான் குயிக்சாட்டின் உதவியாளன் சாஞ்சோவுக்கு ஒப்பிட்டு, பெண் சாஞ்சோ என்று சொல்லிக்கொண்டார். சமையலறையில் மொழி கற்றவர் வேறு யாரைச் சொல்லுவார்?

2019இல், எண்பத்தேழு வயதில், தன் மூதாதை ஸ்டானிஸ்லாஸைப் பற்றிய நாவலின் முதல் பாகத்தை வெளியிட்டார். அரசரின் கதையும் தன் கதையும் மாறி மாறி வருகிற புத்தகம். நாம் பரீட்சைக்கு உருப்போட்ட அந்த மூன்று பிரிவினைகளும் அதில் வருகின்றன.

த்லதெலோல்கோ சதுக்கத்தில் 1993இல், படுகொலை நடந்து இருபத்தைந்து ஆண்டு நிறைந்தபோது, ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அரசாங்கம் வாய்திறந்து மன்னிப்புக் கேட்க அதற்கப்புறமும் முப்பத்தோரு வருஷம் ஆயிற்று. 2024 அக்டோபர் 2 அன்று, பதவியேற்ற மறுநாள், மெக்சிகோவின் முதல் பெண் ஜனாதிபதி கிளாவுதியா ஷேன்பாம் அதை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஒப்புக்கொண்டு அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1968இல் மாணவர் பக்கம் நின்ற ஒரு தாயின் மகள் அவர். அந்த நினைவுக்கல்லில் 20 பெயர்களும் அவரவர் வயதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பெயரும் வயதும் தெரியாத தோழர்கள் இன்னும் பலர் என்று கீழே ஒரு வரி இருக்கிறது.